கேம்ப்ல எடுத்த சுகர் ரிப்போர்ட் மேனேஜர் கைக்கு எப்படிப் போச்சு?

கேள்வி: சார், ஓஎம்ஆர்ல ஒரு பெரிய ஐடி கம்பெனில 9 வருஷமா இருக்கேன். வெல்னஸ் ப்ரோக்ராம்னு கேன்டீன்லயே ப்ளட் டெஸ்ட் கேம்ப் போட்டாங்க, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் அளவு) 8.4 வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மேனேஜர் கூப்பிட்டு "உங்க சுகருக்கு ஜெர்மனிலாம் செட் ஆகாது, ஆன்சைட்டுக்கு வேற ஆளை அனுப்புறோம்"ங்கறார். இப்ப எத்தனை ஸ்டெப்ஸ் நடக்கறோம்னு எண்ணுற ஆப் வேற போன்ல போட சொல்றாங்க. கேஸ் போடலாமா?

பதில்: போடலாம், ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஆன்சைட் அனுப்புறது கம்பெனி இஷ்டம், "என்னை அனுப்பியே ஆகணும்"னு எந்த கோர்ட்டும் ஆர்டர் போடாது. உங்க பிடி ரிப்போர்ட்லதான் இருக்கு.

ஊசி குத்துறதுக்கு முன்னாடி ஒரு டேப்ல டிக் போட வெச்சிருப்பாங்களே, க்யூ நீளமா இருக்குன்னு யாரும் படிக்காம போடுவோம் (நானும்தான்), அந்த வாசகம் இப்ப உங்களுக்கு வேணும். ஐடி சட்டத்துக்குக் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) கீழ 2011ல வந்த ரூல்ஸ்படி உடல்நிலை, மெடிக்கல் ரெக்கார்டு எல்லாம் சென்சிடிவ் டேட்டா. எதுக்குன்னு சொல்லி வாங்குறாங்களோ அதுக்கு மட்டும்தான் யூஸ் பண்ணலாம். உங்க ஆரோக்கியத்துக்குன்னு ரத்தம் எடுத்துட்டு அதை வெச்சு ஆன்சைட் லிஸ்ட்ல பேரை அடிச்சா அது வேற காரியம். அதே ரூல்ஸ்ல சம்மதம் தராம இருக்கலாம், தந்ததையும் எழுத்துல வாபஸ் வாங்கலாம்னு இருக்கு, அதனால ஆப் விஷயத்துல "எனக்கு விருப்பம் இல்லை"ன்னு ஒரு வரி மெயில் போதும்.

மேனேஜர் வாயால சொன்னதுதான் பிரச்சினை, நாளைக்கு நான் சொல்லவே இல்லைம்பார். அதனால இன்னைக்கே அவருக்கு, "நேத்து சாயங்காலம் என் சுகர் ரிப்போர்ட்டைச் சொல்லி ஆன்சைட் இல்லைன்னீங்க, அப்படித்தானே?"ன்னு தேதியைச் சரியா போட்டு மரியாதையா ஒரு மெயில் தட்டுங்க, பதில் வரலைன்னாலும் அது நமக்கு ஆதாரம்தான். அடுத்து கம்பெனியோட க்ரீவன்ஸ் ஆபீசருக்கு (டேட்டா புகாரைக் கேக்குற அதிகாரி), நான் குடுத்த கன்சென்ட் காப்பி வேணும், ரிப்போர்ட் யார் யாருக்குப் போச்சுன்னு சொல்லுங்கன்னு கேளுங்க. ஒரு மாசத்துக்குள்ள அவர் தீர்த்து வெக்கணும்.

அதுக்கும் அசையலைன்னா அதே ஐடி சட்டத்தோட 43ஏ பிரிவுல நஷ்ட ஈடு கேட்டு மாநில ஐடி செயலர்கிட்ட போகலாம், 5 கோடி வரைக்கும் அவரே விசாரிப்பார். டேட்டாவைப் பாதுகாக்கறதுல கம்பெனி அலட்சியமா இருந்துச்சு, அதனால உங்களுக்கு நஷ்டம்னு நீங்க காட்டணும், அது லேசு இல்ல. ஆன்சைட் அலவன்ஸ் எவ்ளோ போச்சுன்னு கணக்கு எடுத்து வெச்சுக்குங்க.

2023 டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்துடுச்சே, 250 கோடி அபராதமாமேன்னு கேப்பீங்க. அந்த அபராதம் கவர்மென்ட் கஜானாவுக்குப் போகுது, உங்களுக்கு ஒத்த ரூபா கிடைக்காது. போதாததுக்கு வேலை சம்பந்தமான சில காரியங்களுக்கு சம்மதம் இல்லாமலே முதலாளி டேட்டாவை யூஸ் பண்ணலாம்னு வேற ஒரு இடம் விட்டு வெச்சிருக்காங்க. 2025 நவம்பர்ல ரூல்ஸ் வந்துச்சு, அதுலேர்ந்து 18 மாசத்துல, அதாவது 2027 மே வாக்குல, 43ஏ பிரிவையே தூக்கிடுவாங்க. அதனால தள்ளிப் போடாதீங்க.

கோபத்துல பேப்பர் போட்டுடாதீங்க. எழுதின மெயிலை எல்லாம் பர்சனல் ஐடிக்கு ஃபார்வர்டும் பண்ணாதீங்க, அதையே பாலிசி மீறல்னு உங்க மேல திருப்பிடுவாங்க. தேதி தெரியற மாதிரி ப்ரின்ட் எடுத்து வீட்ல வெச்சுக்குங்க. அப்புறம் 8.4க்கு வெளில ஒரு டாக்டரைப் பாருங்க, கேம்ப் டாக்டர் வேண்டாம்.