காணிய வித்து மெடிசினா? முதல்ல மகளிட மண் பையப் பாருங்க அக்கா

போன சனி குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகளும் மேல என்ன படிக்கலாம் எண்டு என்னட்டக் கேக்க வந்தாங்க. ஏலெவல் பயோ, ரிசல்ட்ஸ் பரவாயில்ல, ஆனா மெடிசினுக்கு இஸட் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற புள்ளி) காணாது. லண்டன் பெரியப்பா, மாமி, எல்லாரும் வெளிநாட்டுக்கு அனுப்பி டொக்டராக்குங்க எண்டு நிக்கிறாங்களாம், ரோட்டுக்கரைக் காணிக்கு ஆளும் பாத்தாச்சாம்.

அக்கா, நீங்க அழுததில "யோசிக்காதீங்க, பாப்பம்" எண்டு சொல்லிட்டன். அது பிழை. இப்ப நேரா சொல்றன், காணிய விக்காதீங்க. 5, 6 வருஷம் வெளியில படிச்சிட்டு வந்தாலும் இஞ்ச டொக்டரா பதியிறதுக்கு ஈஆர்பிஎம் சோதனை பாஸ் பண்ணோணும். ஏஜென்ட் தந்த நோட்டீஸ ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தன், அதப்பத்தி ஒரு வரி இல்ல. பெரியப்பா காசு தரப்போறாரா எண்டும் கேட்டுப் பாருங்க.

மகளிட பேக்குக்குள்ள மூண்டு பொலித்தீன் பை இருந்திச்சே, நீங்க குப்பை எண்டு ஏசினீங்களே, அதத்தான் நான் கனநேரம் பாத்தன். மார்க்கரால 0-10, 10-20, 20-40 எண்டு ஆழத்த சென்டிமீட்டரில எழுதி, வீட்டுக்குப் பின்னால சூரைப் பத்தைக்குக் கீழ கிடங்கு வெட்டி எடுத்த மண். முதல் பை கறுத்து, மக்கின இலை வாசத்தோட, சல்லிவேரோட. கடைசிப் பை வெளிறிப்போய். ஏன் அடியிலயிருந்து மேல எடுத்தனீங்க எண்டு கேட்டா, "மேல இருந்து எடுத்தா உதிர்ந்து கீழ் மண்ணோட கலந்திடும் சேர்" எண்டாள். இத ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்லையாம்.

அவள் தெரியாமலே கை வச்சது பெரிய விஷயம். பத்தைட வேர் ஆழத்தில இருக்கிற பொஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் இழுத்து இலைக்குக் குடுக்குது, இலை விழுந்து மக்க அது மேல் மண்ணில சேருது, பொஸ்பரஸ் மண்ணோட ஒட்டிக்கொள்றதால லேசில கீழ இறங்காது. சோடியம், குளோரைட் மாதிரிச் சாமான் மரத்துக்குப் பெருசாத் தேவையில்ல, மாரி மழையோட கீழ போயிடும். அதால பத்தைக்கு அடியில ஒரு மண், ரெண்டு எட்டு தள்ளி வெட்ட வெளியில வேற மண். 2000ஆம் ஆண்டு வந்த ஒரு உலக அளவிலான ஆய்வில, முதல் ஒரு மீட்டருக்குள்ள இருக்கிற கரிமக் கார்பனில (மக்கின இலை, வேரால சேருறது) காட்டு மண்ணில பாதி மேல் 20 சென்டிமீட்டரிலயே இருக்கு, பத்தை நிலத்தில 33 வீதம்தான். மிச்சம் ஆழத்தில. மேல கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட் பண்ணினா அரைவாசிக் கதையும் தெரியாது. 2021ல ரசாயன உரம் இறக்கிறத நிப்பாட்டினப்ப தம்பலகாமத்து வயல்காரர்ர மண்ணில என்ன மிச்சமிருக்கு எண்டு சொல்ல ஆள் தேவைப்பட்டிச்சு, ஞாபகமா?

இதப் படிக்க இஞ்ச கம்பஸில அக்ரி, அதாவது விவசாயப் பட்டப்படிப்பு, 4 வருஷம். வந்தாறுமூலையிலயும் இருக்கு, கிளிநொச்சியிலயும் இருக்கு, பேராதனையிலயும் இருக்கு, வெட்டுப்புள்ளி மெடிசின விடக் குறைவு, படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்ல. உள்ளுக்குப் போனபிறகு மண் விஞ்ஞானத்த பிடிக்கட்டும். முடிச்ச உடன அரசாங்க வேலை எண்டு பொய் சொல்ல மாட்டன், காத்திருக்கவும் வேண்டி வரும். ஆனா கடனோட காத்திருக்கிறதும் கடனில்லாமக் காத்திருக்கிறதும் ஒண்டில்ல. நல்லாச் செய்தா வெளிநாட்டில மாஸ்டர்ஸுக்கு உதவித்தொகையோட எடுக்கிற இடங்களும் இருக்கு, அப்ப பெரியப்பாவுக்கும் சந்தோஷம்.

வாற சனி யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) கையேட்டோட வாங்க, எந்தக் கோர்ஸ முதல் கேக்கிற, எத பிறகு கேக்கிற எண்ட ஓடர ஒண்டா இருந்து போடுவம். காணி உறுதி வீட்டிலயே இருக்கட்டும். அந்த மூண்டு பையையும் எறிஞ்சிடாதீங்க, நிழல்ல காயவைக்கச் சொல்லுங்க, வெயில்ல வேணாம்.