துப்பாக்கி ஸ்கோப் எவ்வளவு உயரம்? நைட் விஷன் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டெக்சாஸில் இரவில் காட்டுப்பன்றி வேட்டை. ஸ்கோப்புக்கு 34 மி.மீ. குழல், 56 மி.மீ. முன்லென்ஸ். அதற்கு முன்னால் கிளிப்-ஆன் நைட் விஷன் (ஸ்கோப்புக்கு முன்னே தனியாக மாட்டும் இருட்டுப் பார்வைக் கருவி) மாட்டணும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் ரிங் என்ன உயரம் வாங்கலாம்? 34 மி.மீ. உயரம் போதுமா?

பதில்: ரெயிலின் (துப்பாக்கியின் மேலுள்ள, பள்ளங்கள் வெட்டிய பட்டை) மேல்பரப்பிலிருந்து குழலின் மையம் வரை 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம். 56 மி.மீ. லென்ஸின் கூடு வெளியே சுமார் 65 மி.மீ. வரும்; பாதி 32.5. கிளிப்-ஆனைத் தாங்க ரெயில் லென்ஸுக்கு அடியிலேயே முன்னால் நீள்வதால், மையம் 34 மி.மீ. உயரத்தில் இருந்தால் ஒன்றரை மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். மூடிகூட ஏறாது. பல கிளிப்-ஆன்களின் மையமும் 38-ஐ ஒட்டியே இருக்கிறது. உங்கள் மாடலின் அளவை வாங்குமுன் பாருங்கள்.

சில தயாரிப்பாளர்கள் குழலின் அடிப்பகுதி வரை அளந்து போடுகிறார்கள். அந்தக் கணக்கில் 21 என்றால், குழலின் பாதி 17-ஐக் கூட்டி, இந்தக் கணக்கில் 38. மையம் வரையா, அடி வரையா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிளிப்-ஆன் மையம் 3 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. குண்டு விலகுமா?

பதில்: அதனால் விலகாது. கிளிப்-ஆனிலிருந்து வருவது இணைகதிர்கள். ஏற்ற இறக்கம் கோணத்தை மாற்றாது. வித்தியாசம் அதிகமானால் படத்தின் ஓரம் பிறைபோல இருளும், அவ்வளவுதான். குண்டை விலக்குவது கிளிப்-ஆனின் உள்லென்ஸ்களின் சீரமைப்புப் பிழை. ஆகவே எப்போதும் ரெயிலின் ஒரே பள்ளத்தில், முன்னோக்கித் தள்ளி, ஒரே இறுக்கத்தில் மாட்டுங்கள். மசங்கும் நேரத்தில் 100 மீட்டரில் கிளிப்-ஆன் இல்லாமல் ஐந்து, மாட்டி ஐந்து சுட்டு வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள்.

கேள்வி: படம் மங்கல். ஸ்கோப்பின் பாராலாக்ஸ் குமிழை (தூரத்துக்கு ஏற்பத் திருப்பும் குமிழ்) திருப்பியும் தெளியவில்லை.

பதில்: குமிழை முடிவிலியில் விட்டுவிடுங்கள். கிளிப்-ஆனின் முன்வளையத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். 6 முதல் 10 மடங்கு போதும். மேலே போனால் கிளிப்-ஆனுக்குள் ஒளியைப் பெருக்கும் ட்யூபின் புள்ளிதான் பெரிதாகும்.

கேள்வி: ஸ்கோப் தாழ்ந்தால்தானே தூரத்தில் துல்லியம்?

பதில்: இல்லை. 5 மி.மீ. உயர்த்தி 100 மீட்டரில் மறுபடி ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்தால்), 1000 மீட்டரில் வரும் மாற்றம் 45 மி.மீ.; ஸ்கோப்பைத் திருப்பும் ஒரு 0.1 மில் க்ளிக் (அந்தத் தூரத்தில் 100 மி.மீ.) அளவில் பாதிகூட இல்லை. குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் கணிப்பானில் புதிய உயரத்தைப் போட்டால் அதுவும் போய்விடும்.

கேள்வி: கணக்கு சரி சார். ஆனால் தாழ்த்தி மாட்டினவர்கள் நன்றாகச் சுடுகிறார்களே?

பதில்: கன்னம் அழுந்தி உட்காருவதால். உயர்ந்த ஸ்கோப்பில் கன்னம் மிதந்தால் கண் மையம் தவறும், கழுத்து சீக்கிரம் களைக்கும். கண்ணை மூடி கன்னத்தை வைத்துத் திறங்கள். முழு வட்டமும் தெரியும்வரை கன்னத்தாங்கியை உயர்த்துங்கள். ஸ்கோப்பை இறக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானாலும் 34 மி.மீ. உயரமே...

பதில்: எண்களோடு மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: ஹெல்மெட் நைட் விஷன் வழியாக ஸ்கோப்பைப் பார்க்க 1.93 அங்குல மவுண்ட்?

பதில்: அது பெரும்பாலும் ரெட் டாட்டுக்கும் (சிவப்புப் புள்ளியால் குறி வைக்கும், பெரிதாக்காத கருவி) குறைந்த மடங்கு ஸ்கோப்புக்கும் உரிய உயரம்.

கேள்வி: 50 மி.மீ. லென்ஸுக்கு?

பதில்: கிளிப்-ஆன் இருந்தால் அதே 38. மையம் வரை!

கேள்வி: ஊருக்குப் போகும்போது கிளிப்-ஆனைப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. மூன்றாம் தலைமுறை ட்யூப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம்.