தோடியின் காந்தாரத்தை எப்படி எழுதுவது?

அன்புள்ள அண்ணா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தாள். ஒன்பது வருடமாகப் பாட்டு கற்கிறாள். பதினொன்றில் இயற்பியல், வேதியியல், கணக்கு, ஆங்கிலத்தோடு ஐந்தாவது பாடமாகக் கர்நாடக இசை எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். "பாட்டை வீட்டில் படிக்கட்டும், பள்ளிக்கூடத்தில் எதற்கு?" என்கிறார். நாத்தனாரோ, "விடுங்க அண்ணி, செய்முறைக்கே எழுபது மார்க், சும்மா கொட்டும்" என்கிறாள். ஏற்காட்டில் விடுதிப் பள்ளி எதிலாவது சேர்த்து மேற்கத்திய இசை படிக்க வைக்கலாமா என்றும் ஒரு யோசனை. பிற்பாடு வேலைக்கு வழி உண்டா? எடுக்க விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விடலாம். எடுக்கட்டும். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் நாத்தனார் சொன்ன "சும்மா கொட்டும்" இரண்டு நாளாக என் காதைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை நீளம்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம். பொறியியல் கலந்தாய்வுக்குப் பார்ப்பது கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை. ஐந்தாவது பாடம் இசை என்பதால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளாது. பாட்டையே பிழைப்பாக எடுத்தாலும் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரி பிறகு பல்கலைக்கழகத் துறையாகி இன்றும் நடக்கிறது. வருமானம் எப்படி என்றால், உங்கள் பட்டறை மாதிரிதான். முகூர்த்த மாதமும் உண்டு, ஆடி மாதமும் உண்டு. ஏற்காடு வேண்டாம். சரளி வரிசையில் தொடங்கி ஒன்பது வருடம் ஏறி வந்த பெண்ணை, இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோய் பியானோ முன்னால் உட்கார வைப்பானேன்? மேற்கத்திய இசையைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு மலை.

இனி அந்தக் "கொட்டும்". செய்முறைக்கு 70, எழுத்துத் தேர்வுக்கு 30 என்பது சரிதான். தேர்வாளர் கேட்கிற ராகத்தைக் கேட்ட இடத்தில் பாட வேண்டும், தாளம் பிசகக் கூடாது. உங்கள் பெண் அதைச் செய்துவிடுவாள். ஒன்பது வருடம் விடிகாலையில் எழுந்து தொண்டை கட்டக் கட்டச் சாதகம் செய்ததை நாத்தனார் கணக்கிலேயே சேர்க்கவில்லை போலிருக்கிறது. அவரிடம் கோபமில்லை. அதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பினீர்களே, உங்கள் மேல்தான் கோபம். பக்கத்து அறையில் அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள்.

எனக்கு முக்கியம் அந்த முப்பது. அதற்காகத்தான் இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்கிறேன். பாட்டு வகுப்பில் டீச்சர் பாடுவார், இவள் திருப்பிப் பாடுவாள். எழுத்துத் தேர்வு என்று வந்துவிட்டால் மேளகர்த்தா (72 தாய் ராகங்களின் பட்டியல்), ராக லட்சணம், பாட்டைச் சுரப்படுத்தி, அதாவது சரிகம எழுத்துகளாக்கி எழுதுவது எல்லாம் வரும். மேளகர்த்தா கொஞ்சம் விளையாட்டு மாதிரி. வடமொழி எழுத்து வரிசையில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அப்படி எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் 72இல் அது எத்தனையாவது என்று தெரிந்துவிடும். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. (தமிழில் மட்டும் எழுதிவைத்துக் கணக்குப் போட்டால் சில இடத்தில் உதைக்கும். கரகரப்பிரியாவின் க-வை முதல் க என்று எடுத்தால் 21 வருகிறது, அது கீரவாணி. அங்கே வருவது வடமொழியின் இரண்டாவது க. அதற்கு 2, ஆகவே 22. நான் இதில் விழுந்து எழுந்திருக்கிறேன்.)

சுரப்படுத்தி எழுதுவது விளையாட்டில்லை. என் கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

1984இல் நான் பதினொன்றாம் வகுப்பு, சேலத்தில்தான். பத்தாவது வரை அட்டவணையில் பாட்டுப் பீரியட் என்று ஒன்று இருந்தது. கணக்கு வாத்தியார் அதை எடுத்துக்கொள்வார். பள்ளியின் ஆர்மோனியம் ஆய்வகத்தில் உடைந்த ஸ்டூல்களுக்கு அடியில் கிடந்தது. பாட்டைப் பாடமாக எடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

குகையில் எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கடை. ராத்திரியில் திருச்சி வானொலிக் கச்சேரியைச் சத்தமாக வைப்பார்கள். கோயிலில் வாசித்து ஓய்ந்த ஒரு நாயனக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். மடியில் சீவாளி டப்பா இருக்கும், நாயனத்தின் ஊதுமுனைதான் சீவாளி. வாசிப்பை விட்ட பிறகும் அதை விடவில்லை. நான் நாற்பது பக்க நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிற பாட்டுக்கெல்லாம் சுரம் எழுதுவேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. ஒரு நாள் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் போட்டார்கள். மடமடவென்று எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு எழுதியிருக்கற?"

"ரி, க, ம..."

"எந்த க?"

"சாதாரண காந்தாரம்" என்றேன். க என்கிற சுரத்துக்குக் காந்தாரம் என்று பெயர். அதில் வகைகள் உண்டு, தோடிக்கு இந்த வகை என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது.

அவர் அந்த ஒரு காந்தாரத்தை மெதுவாக முனகிக் காட்டினார். கீழே ரிஷபத்தை (ரி) தொட்டு, மேலே மத்திமத்தை (ம) உரசி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. நின்ற இடமே இல்லை. "இத எழுது கண்ணு, பாப்போம்" என்றார்.

எழுத முடியவில்லை. க என்று எழுதினேன், அடித்தேன். ரிகம என்று எழுதினேன், அதுவும் இல்லை. கடைக்காரர் ரேடியோவை நிறுத்திக் கதவுப் பலகையை எடுக்கும்வரை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அதுவரை தோடியை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது டீக்கடைப் பெஞ்சின் பிரச்சினை மட்டுமல்ல. சின்னசாமி முதலியார் 1893இல் நம் கிருதிகளை மேற்கத்திய ஐந்து கோட்டில் எழுதி அச்சிட முனைந்தார். அவர் தூண்டுதலும் சேர்ந்துதான் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் உட்கார்ந்து சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை எழுதினார். 1904இல் வெளிவந்தது. சுர எழுத்து போதவில்லை என்று ஒவ்வொரு கமகத்துக்கும், அதாவது சுரத்தை ஆட்டுகிற ஒவ்வொரு விதத்துக்கும், தனிக் குறி போட்டார். முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்தவர், பாட்டு அத்தனையும் மனப்பாடம். அவருக்கே எழுத்தோடு இவ்வளவு மல்லுக்கட்டு. பதினாறு வயதில் உங்கள் பெண் அந்த மல்லுக்கட்டில் ஒரு பிடி பிடித்துப் பார்க்கட்டும் என்கிறேன். மேடையில் பாட ஊரில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். காதில் விழுந்ததைத் தாளில் இறக்கப் பார்த்து, எங்கே இறங்க மறுக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளை எனக்கு அபூர்வமாகத்தான் எதிர்ப்படுகிறது. அரங்கேற்றப் பட்டுப்புடவைக்குச் செலவழிக்கும் பெற்றோர் ஒரு நல்ல நோட்டு வாங்கித் தருவதில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். ஜோடிக் கொலுசைக் கையில் எடுத்துக் குலுக்கும்போது ஒன்றின் மணி சற்று மட்டமாகப் பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும், இல்லையா? அதை வேலைக்குச் சேர்ந்த புதுப் பையனுக்கு எப்படிச் சொல்லித்தருகிறார்? அவர் சொல்கிற பதிலை எனக்கு எழுதுங்கள், நிஜமாகவே எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பாடப் பட்டியலில் கர்நாடக இசை என்று அச்சாகியிருந்தால் மட்டும் போதாது. அந்தப் பள்ளியில் அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, வாரத்துக்கு எத்தனை பீரியட், அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஆள் இருந்தால் சேர்த்துவிட்டு, சேர்ந்த முதல் மாதம் தோடியில் ஏதாவது நாலு வரியைச் சுரப்படுத்தி எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு அனுப்பட்டும், நகல் எடுக்க வேண்டாம்.