படம் வரைய வராதவர்கள் டிசைன் படிக்கலாமா? கல்லூரியில் உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

தாராளமாகப் படிக்கலாம்.

இந்தக் கேள்வியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. பள்ளி முடிக்கும் வயதில் இதையே நான் நாலைந்து பேரிடம் கேட்டேன். "வரையத் தெரியாமல் அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள். அதை நம்பி ஒரு வருடம் வேறு படிப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடம் இன்றும் உறுத்துகிறது. நீங்களும் கை வராது, ஆனால் பொருட்கள் ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று யோசிப்பது பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ உங்களையும் தயங்க வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். இப்போதே மடிக்கணினி வாங்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

ஓவியம் நன்றாக வருபவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம். கை பழகியவர்களுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு வாங்காது, உண்மைதான். என் வகுப்பிலும் அப்படி இருந்தவர்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். நான் சொல்வது, வரைதலும் அங்கே சொல்லித் தரப்படும் பாடங்களில் ஒன்று என்பதைத்தான். தெரிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றில்லை. இன்னொன்று, நான் படித்தது பொருள் வடிவமைப்பு, அதாவது ப்ராடக்ட் டிசைன். மற்ற பிரிவுகளை நண்பர்களின் மேசைகளில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும்.

பெரும்பாலான இடங்களில் முதல் ஆண்டு ஃபவுண்டேஷன், அதாவது எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி. எந்தப் பிரிவுக்குப் போகிறவரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். எங்கள் வரைதல் வகுப்பின் முதல் வாரத்தில் எந்தப் பொருளையும் வரையவில்லை. ஏ3 தாளில் ஸ்கேல் வைக்காமல் நேர்கோடுகள், விரல் அகலத்துக்கு ஒன்றாக, தாள் நிறையும் வரை. அப்புறம் அடுத்த தாள். என் கோடுகள் எல்லாம் பாதி வழியில் வளைந்தன. ஆசிரியர் பின்னால் வந்து நின்று, மணிக்கட்டை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார். "தோளிலிருந்து இழு. பென்சில் முனையைப் பார்க்காதே, கோடு போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்." உடனே கோடு நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் ஆனது. ஆனால் நேரானது! திறமை இல்லை என்று நானே முத்திரை குத்தி வைத்திருந்த ஒரு விஷயம், கையை எங்கிருந்து அசைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் வராமல் போனது என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்து ஒரு பழைய மரநாற்காலியை அறை நடுவில் வைத்தார். நாற்காலியை வரையாதீர்கள், கால்களுக்கும் சட்டங்களுக்கும் நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரையுங்கள் என்றார். நாற்காலி என்றதும் மனம் தனக்குத் தெரிந்த நாற்காலியை வரையப் போய்விடுகிறது. வெற்றிடத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் கண் பார்த்தே ஆக வேண்டும். ஆறு ஏழு கோணல் வடிவங்களை வரைந்து முடித்து நிமிர்ந்தால், நடுவில் ஒரு நாற்காலி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டிய முதல் தாள் அது.

இந்த ஃபவுண்டேஷன் என்ற ஏற்பாடு 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியிலிருந்து பரவியது. அங்கே யோகன்னஸ் இட்டன் என்பவர் எல்லா மாணவர்களுக்கும் ஒரு தொடக்கப் பயிற்சியை வைத்தார். 1933இல் மூடப்பட்ட பள்ளி, பதினான்கு வருடம்தான் நடந்தது, ஆனால் இன்றைக்கும் முதல் ஆண்டுப் பாடங்களில் அதன் வாசனை இருக்கிறது. பின்னர் அங்கே அந்தப் பயிற்சியை நடத்திய யோசஃப் ஆல்பர்ஸ் ஒருநாள் மாணவர்களிடம் செய்தித்தாள்களைக் கொடுத்து, தாளை வீணாக்காமல் எதையாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது முகமூடி, படகு, கோட்டை எல்லாம் தயாராக இருந்தன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்கிவிட்டு, தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தி மட்டும் வைத்திருந்த ஒரு மாணவரின் வேலையைக் காட்டினாராம். படுத்துக் கிடக்கிற தாள் ஒரு மடிப்பில் எழுந்து நிற்கிறது, தாளுக்கே உரிய குணம் அதுதான் என்று. இதை எங்களுக்குச் சொன்ன அன்று நாங்கள் எல்லோரும் தாளில் பறவை செய்து வைத்திருந்தோம்.

நிறப் பாடமும் ஆல்பர்ஸின் வழிதான். ஒரே நிறத் துண்டு இரண்டை இரண்டு வேறு பின்னணியில் ஒட்டி, வேறு வேறு நிறம் போலத் தோன்ற வைக்க வேண்டும். வண்ணம் குழைக்கக் கூடாது, நிறத்தாள் மட்டும்தான். மூன்று நாள் பழைய பத்திரிகைகளைக் கிழித்துத் தேடினேன். கடைசியில் மங்கலான ஒரு பச்சைத் துண்டு, மஞ்சள் மேல் சாம்பல் போலவும், கருஞ்சிவப்பு மேல் இலைப்பச்சை போலவும் நின்றது. பக்கத்து மேசைக்காரர் நம்பாமல் துண்டை உரித்து ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். ஒரே நிறம். இதற்கு வரையும் கை தேவையே இல்லை, பொறுமை இருந்தால் போதும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து பாதை பிரியும். ஃபேஷன் படித்த தோழி உடல் வடிவப் பொம்மையின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஊசி குத்தி, அதைக் கழற்றித் தாளில் பேட்டர்னாக, அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரியாக மாற்றுவாள். இன்டீரியர்காரர்கள் 1:50 அளவில் திட்டப்படம் போடுவார்கள், தாளில் ஒரு செ.மீ. என்றால் அறையில் அரை மீட்டர். கிராஃபிக் பிரிவில் இரண்டு எழுத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு மாலை முழுக்க வாதம் நடக்கும். இன்டராக்‌ஷன் டிசைன் என்றால் திரையை வடிவமைப்பதை விட மக்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் அதிகம் என்பார்கள். அந்த விவரங்களை அந்தப் பிரிவுக்காரர்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

எனக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று புரிந்தது ஒரு மாத்திரைப் பெட்டியால்.

இரண்டாம் ஆண்டில் வந்த ப்ரீஃப், அதாவது செய்யச் சொல்லிக் கொடுத்த வேலை: வயதானவர்களுக்கு ஒரு வாரத்து மாத்திரை வைக்கும் பெட்டி, ஐந்து வாரம் அவகாசம். ஏழு அறை, மெல்லிய உடம்பு, ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும் நகம் நுழையச் சின்னதாக ஒரு பள்ளம். ஃபோமில் செதுக்கினேன். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்து, புட்டி பூசி, திரும்பத் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். தும்மினால் ஃபோம் தூள் வரும், அந்த மாதிரி வாரங்கள். மூடி திறந்து மூடுகிற மாடல் ஒன்றை 3டி பிரிண்ட்டில் தனியாக எடுத்தேன். ஜூரி அன்று, அதாவது வேலையைச் சுவரில் மாட்டி ஆசிரியர்கள் முன் விளக்கும் நாளில், என் மேசை முன்னால் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பெருமையாக இருந்தது.

ஆசிரியர்களில் ஒருவரான மேடம் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாய்?" என்றார்.

"ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மேடம்."

"அவர்களுக்கு என்ன வயது?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கொடுத்தார்.

ஊரில் என் பாட்டி இருந்தார். விரல் முட்டிகள் வீங்கி, காலையில் கையை மடக்கவே நேரம் ஆகும். மாத்திரைக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்களைப் போட்டு அவரிடம் கொடுத்தேன். முதலில் நகத்தால் முயன்றார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார், அவருக்கு வேறு யாரோதான் வெட்டிவிட வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்புறம் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கட்டை விரலின் சதையால் தள்ளினார். மூடி தெறித்துத் திறந்து, பொத்தான்கள் தரையெங்கும் ஓடின. பாட்டி என்னைப் பார்த்து, "டப்பா நல்லாத்தான் இருக்கு கண்ணு, என் கைதான் சரியில்ல" என்றார்.

நான் குனிந்து பொத்தான்களைப் பொறுக்கினேன். தப்பு என் பெட்டியில். பழியை அவர் தன் கை மேல் போட்டுக்கொண்டார். ஐந்து வாரம் தேய்த்துப் பளபளப்பாக்கிய பொருள் ஒரு வயதானவரை மன்னிப்புக் கேட்க வைத்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாள் பெட்டியைத் தொடாமல் பாட்டியின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவை உள்ளங்கையால் தள்ளினார். குழாயை மணிக்கட்டின் பக்கவாட்டால் திருப்பினார். விரல் நுனியால் செய்யும் எந்த வேலையும் அவர் நாளில் இல்லை. கல்லூரிக்குத் திரும்பி விரல்களுக்கு ரப்பர் பேண்ட் சுற்றி, மேலே தடித்த கையுறை போட்டுக்கொண்டு மாடல் செய்தேன். பதினான்காவது மாடலில் மூடியே இல்லை, பக்கவாட்டில் உள்ளங்கையால் அழுத்தினால் தட்டு வெளியே வரும். தடிமனாக, பார்க்கச் சாதாரணமாக இருந்தது. பாட்டி என்னோடு பேசிக்கொண்டே, பெட்டியைப் பார்க்காமல் திறந்தார். மதிப்பெண் சராசரிதான் வந்தது, முதல் மாடல் அழகாக இருந்ததே என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் பட்ரீஷியா மூர் பற்றிச் சொன்னார். அமெரிக்க டிசைனர். 1979இல் தன் 26 வயதில் முதுமை வேடம் போட்டு, மங்கலான கண்ணாடி அணிந்து, காதை அடைத்து, கை கால்களைக் கட்டிக்கொண்டு, சுமார் மூன்று வருடம் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடமாடினார். கதவும் படியும் கடைகளும் ஒரு வயதானவரை எப்படி நடத்துகின்றன என்று தன் உடம்பால் தெரிந்துகொண்டார். 1990இல் ஆக்சோ நிறுவனம் வெளியிட்ட தடித்த ரப்பர் பிடி கொண்ட காய்கறித் தோல் சீவியும், கையில் மூட்டுவலி இருந்த தன் மனைவி சிரமப்படுவதைப் பார்த்து சாம் ஃபார்பர் தொடங்கிய வேலைதான். அந்தப் பிடி மூட்டுவலி இல்லாதவர்களுக்கும் வசதியாக இருந்ததால் எல்லோரும் வாங்கினார்கள்.

ஜூரி என்றால் இப்படி நல்ல கேள்விதான் வரும் என்று நான் ஆசை காட்ட விரும்பவில்லை. எல்லோர் முன்னாலும் வேலையைக் கேவலமாகப் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு இரவு தூங்காமல் செய்த மாடலைப் பார்க்காமலே அடுத்தவரிடம் போன ஒருவரை எனக்குத் தெரியும். அதுதான் பயிற்சி, தோல் தடிக்கும் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலையைக் கேள்வி கேட்பது வேறு, ஆளை அவமானப்படுத்துவது வேறு. முதலாவதை மேடம் ஒரே வரியில் செய்தார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். படிப்பு முடிந்து வேலை தேடிய நாட்களில், ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு முன் "அசைன்மென்ட்" கொடுத்தது. அவர்களுடைய உண்மையான பொருளுக்கு மூன்று மாற்று வடிவம், நாலு நாளில். செய்து அனுப்பினேன். பதிலே இல்லை. சில மாதம் கழித்து அவர்கள் வெளியிட்ட பொருளில், என் இரண்டாவது வடிவத்தின் பிடி அப்படியே இருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று யாராவது கருத்தில் எழுதுவார்கள். இருக்கலாம், என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வேலைக்கு எடுக்கும் முன் சும்மா வேலை வாங்குவது இந்தத் துறையில் சாதாரணமாகிவிட்டது, கல்லூரிகள் அதைப் பற்றி ஒரு வகுப்புக்கூட எடுப்பதில்லை. திறமையைப் பார்க்க போர்ட்ஃபோலியோ, அதாவது இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு இருக்கிறது. மேலும் வேண்டுமென்றால் கற்பனையான ஒரு பொருளைக் கொடுங்கள், அல்லது நாலு நாளுக்குச் சம்பளம் கொடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க, வீட்டில் தினமும் யாராவது சிரமப்பட்டுப் பயன்படுத்தும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அதைப் பயன்படுத்தும்போது பேசாமல் பத்து முறை பாருங்கள். கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று குச்சி உருவங்களாக வரைந்து வையுங்கள், படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம் அட்டையை வெட்டி மாற்று ஒன்று செய்து கொடுங்கள். அது சரிவராமல் போகும்போது அடுத்ததைச் செய்யத் தோன்றினால் தைரியமாக விண்ணப்பியுங்கள்.

மடிக்கணினிக்கு அவசரப்பட வேண்டாம். எங்கள் முதல் ஆண்டு பெரும்பாலும் தாளிலும் அட்டையிலும் ஃபோமிலும்தான் போனது. 3டி மாடலிங் செய்கிறவருக்குத் தேவைப்படும் கணினி வேறு, எழுத்தும் பக்க அமைப்பும் செய்கிறவருக்கு வேறு. பிரிவு முடிவான பிறகு சீனியர்களிடம் கேட்டு வாங்குங்கள். இப்போதே ஏதாவது வாங்கியே தீர வேண்டுமென்றால், முனை ஒடித்துப் புதுப்பித்துக்கொள்ளும் கட்டர் ஒன்றும், அடியில் கார்க் ஒட்டிய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும் வாங்குங்கள். கார்க் இல்லாத ஸ்கேல் வழுக்கும். அட்டையை ஒரே அழுத்தில் வெட்டாமல் லேசாக மூன்று முறை ஓட்டுங்கள், ஸ்கேலைப் பிடிக்கும் கையின் விரல் நுனி ஓரத்துக்கு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.