டெரிக் ஏன் முறுக்கிக்கொள்கிறது?

கேள்வி: புளியரையில் இருக்கிறேன். மாடி அறையில் எச்ஓ அளவில் மாடல் ரயில் லேஅவுட் போட்டிருக்கிறேன். அதில் ஒரு மூலை 1930களின் டெக்சாஸ் எண்ணெய் வயல். ஐஸ்கிரீம் குச்சியை வைத்து 80 அடி மர டெரிக் (எண்ணெய்க் கிணறு துளையிடும் கோபுரம்) ஒன்றின் மாடலை இரண்டு முறை கட்டிப் பார்த்தேன். இரண்டும் மேலே போகப் போக முறுக்கிக்கொண்டன. வெளிநாட்டு கிட் வரவழைத்துத் தருவதாக ஒருவர் 14 ஆயிரம் கேட்கிறார். வாங்கிவிடலாமா சார்?

பதில்: வேண்டாம். அதே முறையில் ஒட்டினால் கிட்டும் முறுக்கத்தான் செய்யும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் சாய்வுச் சட்டம் ஒன்றுதான் வைத்திருக்கிறீர்கள். அதுவும் நான்கு முகத்திலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சுற்றுப்படி ஏறுவது போல ஏறுகிறது. ஃபெவிகால் காயும்போது சுருங்கும். குச்சி சாரல் ஈரத்தில் ஊதும், வெயில் வந்தால் வற்றும். எல்லாச் சட்டமும் ஒரே பக்கம் இழுத்தால் கோபுரம் திருகாமல் என்ன செய்யும்? ஈரத் துணியைப் பிழிகிற கதைதான். ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி மாதிரி இரண்டு சட்டம் போடுங்கள். ஒன்றின் இழுப்பை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், நான்கு கால்களையும் நட்டுவைத்து ஒட்டிக்கொண்டே மேலே போகாதீர்கள். எச்ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு. 80 அடி உயரம் 280 மில்லிமீட்டர் ஆகும், 20 அடி அடிப்பக்கம் 70 ஆகும். உச்சிக்கு ஐந்தரை அடி வைத்துக்கொள்ளுங்கள், 19 மில்லிமீட்டர். (நம்மூர் பிராட்கேஜ் தண்டவாள அகலமும் அதே ஐந்தரை அடிதான்!) ஒரு முகத்தைத் தாளில் வரைந்து கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அதன்மேல் படுக்கைவாக்கில் இரண்டு முகங்களை மட்டும் ஒட்டி முடியுங்கள். குறுக்குச் சட்டம் 24 மில்லிமீட்டருக்கு ஒன்று போதும். கால் சாய்வதால் நீளம் இரண்டு மில்லிமீட்டர் கூடுமே என்று யாராவது கணக்கோடு வருவார்கள். கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள்.

இரண்டு முகமும் ஒரு ராத்திரி காய்ந்ததும், சதுரமாக வெட்டிய பிளைவுட் துண்டின் மேல் எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் 19 மில்லிமீட்டர் சதுரத்தை ஒட்டுங்கள். உச்சியின் நடுவிலிருந்து நூலில் சின்ன நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. அடிச் சதுரத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்தால் இரண்டும் வெட்டும் இடத்தில் நட்டு நிற்க வேண்டும். நின்றால்தான் மற்ற இரண்டு முகங்களில் கை வைக்கலாம்.

நான்கு முகத்திலும் பெருக்கல் குறி என்றேனே, அதில் ஒரு விலக்கு இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோருமே இதில்தான் கோட்டை விடுகிறார்கள். துளையிடும் குழாய் ஒன்று ஏறக்குறைய 30 அடி நீளம். உங்கள் அளவில் 105 மில்லிமீட்டர். அடிப்பக்கமோ 70 தான். நான்கு முகத்தையும் அடைத்துவிட்டால் குழாயை எந்த வழியாக உள்ளே இழுப்பார்கள்? அதற்காகவே ஒரு முகத்தின் கீழ்ப்பகுதியில் சட்டமே இல்லாமல், கவிழ்த்த வி எழுத்து போலத் திறப்பு விட்டிருப்பார்கள். அதன் பெயரே வி-கதவு. கீழிருந்து மூன்று கட்டத்தைத் திறந்துவிட்டு, குழாய் அடுக்கு இருக்கிற பக்கம் பார்த்து நிறுத்துங்கள். ரயில் பாதை பக்கம் அழகாகத் தெரியட்டும் என்று திருப்பிவிடாதீர்கள், குழாய் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் கதவு. இன்னொன்று: சட்டமில்லாத அந்த முகம்தான் முதலில் கோணும். தற்காலிகமாக இரண்டு குச்சியைக் குறுக்கே ஒட்டிவைத்து, அடித்தளம் நன்றாக இறுகிய பிறகு பிளேடால் எடுத்துவிடுங்கள்.

ஐஸ்கிரீம் குச்சியைத் தூக்கிப் போடுங்கள். அதன் கனம் இரண்டு மில்லிமீட்டர். நிஜ அளவில் 17 சென்டிமீட்டர் கனமுள்ள பலகை! பழைய மர டெரிக்கின் கால்களே இரண்டு அங்குலப் பலகைகளை எல் வடிவில் சேர்த்து ஆணி அடித்தவைதான். செங்கோட்டையிலோ தென்காசியிலோ பிளைவுட் கடையில் வெனீர் (மெல்லிய மரத் தகடு) கழிவு கேளுங்கள், அரை மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து உலர்த்துங்கள். கட்டி முடித்ததும் லேசாக வார்னிஷ் ஒரு கை. ஃபெவிக்விக் வேண்டாம், வெள்ளை பூத்துவிடும்.

இனி அந்த 14 ஆயிரம். "டூட்டி எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருப்பாரே? அந்த வார்த்தைதான் பொறி. சுங்க அட்டவணையில் குழந்தையின் கிலுகிலுப்பைக்கும் உங்கள் அளவு மாடலுக்கும் ஒரே தலைப்பு. பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த வரியை 2020-ல் 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. போதாததற்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அறுபது வயதுக்காரன் கட்டுகிற டெரிக்கை எந்தக் குழந்தை வாயில் வைக்கப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பார்கள். என் பார்சல் ஒன்று இப்படி மாட்டி, கிடங்கு வாடகை ஏறி, கடைசியில் என் பணத்தில் பாதியை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனது. நடுவில் இருந்த ஆள் தன் கமிஷனை மட்டும் விடவில்லை. முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து த்ரீடி பிரிண்ட் ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள். இலவசமாகக் கிடைக்கிற டிசைன் ஃபைலை இறக்கிக்கொண்டு டிசைன் கூலி கேட்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த ரெசின் சட்டம் தூசி தட்டும்போதே ஒடியும். உங்கள் ஜன்னல் வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம்.

மாதிரிக்குப் படம் தேடும்போது நம் நரிமணம் எண்ணெய் வயல் பக்கத்துப் படங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இப்போதெல்லாம் துளையிட்டு முடித்ததும் ரிக்கை, அதாவது துளையிடும் கோபுரத்தை, கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், வால்வுகள்தான் மிஞ்சும். 1930-ல் கண்டெடுத்த கிழக்கு டெக்சாஸ் வயலில், கில்கோர் ஊர் நடுவே டெரிக்குகள் நெருக்கியடித்து நின்ற பழைய படங்களைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் இரும்பு டெரிக்தான், உங்களுடையது ஓரத்தில் மிஞ்சிய பழைய கிணறாக இருக்கட்டும். இரண்டு முகம் ஒட்டி முடித்ததும் படம் அனுப்புங்கள். நூல் தொங்குகிற படம்.