கணக்கு வாத்தியார் பதில்கள்: மதுரை 625001

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், நம்ம மதுரை பெரிய தபாலாபீஸ் பின்கோடு 625001-ஐ 2, 3, 5, 7, 11 எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தாள். எதற்கும் மீதியில்லாமல் போகவில்லை. "இது பகா எண்தான்" என்று சாதிக்கிறாள். சரிதானா சார்?
வாசகி, செல்லூர்

பதில்: இன்னும் ஒரே ஒரு எண் போயிருந்தால் பிடித்திருப்பாள் அம்மா. 11-க்கு அடுத்த பகா எண் 13. பதின்மூன்றை 48,077-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 6,25,001 வரும்.

வகுக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். வகுப்பில் இதை நடத்தும்போது நான் முதலில் போர்டில் 625625 என்று எழுதுவேன். அது 625 × 1001. அந்த 1001 யார் தெரியுமா? 7 × 11 × 13. அதனால் 625625 இந்த மூன்றாலும் வகுபடும். அதிலிருந்து நம் பின்கோடைக் கழித்தால் மிச்சம் 624. இனி ஆறு இலக்கத்தைத் தொடவே வேண்டாம், 624-ஐ மட்டும் பார்த்தால் போதும். 7-க்கும் 11-க்கும் மீதி நிற்கிறது; 13 × 48 = 624. முடிந்தது!

48,077-ஐயும் விட்டுவிடாதீர்கள். அது 131 × 367. இரண்டுமே பகா எண்கள். ஆக 625001 = 13 × 131 × 367. பாப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஓர் எண்ணைப் பகா எண் என்று அடித்துச் சொல்ல, அதன் வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 790 வரை. பதினொன்றோடு நிறுத்தினால் 169-க்குக் கீழே இருக்கும் ஓர் எண்ணுக்குத்தான் அது போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முன்னால் நிற்கும் 625. மதுரை மட்டுமில்லை, உசிலம்பட்டி, தேனி பின்கோடும் இதில்தான் ஆரம்பிக்கும். 625-ஐ 625-ஆல் பெருக்கினால் 3,90,625. வாலில் மறுபடி அதே 625! மூன்றிலக்க எண்களில் இப்படித் தன்னையே வாலில் வைத்திருப்பது இன்னொன்றுதான் உண்டு: 376. அதன் வர்க்கம் 1,41,376. இரண்டையும் கூட்டுங்கள். 625 + 376 = 1001. மேலே பார்த்த அதே 1001.

கேள்வி: எங்கள் தெப்பக்குளம் பின்கோடு 625009-க்கும் ஏதாவது இருக்கிறதா?
வாசகர், காமராஜர் சாலை

பதில்: இருக்கிறது. 625-இல் 9 போனால் 616. அது 7 × 11 × 8. உங்கள் பின்கோடு 7-ஆலும் வகுபடும், 11-ஆலும் வகுபடும். 77 × 8,117 போட்டுப் பாருங்கள். தல்லாகுளம் 625002 இரட்டைப்படை, அது பார்த்தாலே தெரியும். ஆனால் 623 என்பது 7 × 89. அதனால் அதுவும் ஏழின் மடங்குதான்.