கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ள எந்த பஸ் (தகவல் கம்பித்தடம்)?

கேள்வி: ஐயா, வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தொட்டியில் ஓர் ஆர்டுயினோ கன்ட்ரோலர் போர்டு, கீழே சம்ப் மோட்டார் பக்கத்தில் இன்னொன்று. இடையில் 40 மீட்டர் கேபிள். இரண்டும் பேசிக்கொள்ள ஐ2சி பஸ் போதுமா?

பதில்: போதாது. ஒரே போர்டில் இருக்கும் சிப்கள் பேசிக்கொள்ள ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கியது அது. லைனின் மொத்தக் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) 400 பிகோஃபேரடைத் தாண்டக் கூடாது. உங்கள் கேபிள் ஒன்றே அதைப் பல மடங்கு தாண்டிவிடும். நீண்ட கம்பிக்கு ஏற்ற ஆர்எஸ்-485 பஸ் போடுங்கள். முறுக்கிய ஜோடிக் கம்பியில் இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை மட்டுமே அது பார்க்கிறது. மோட்டாரின் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால் கழிந்துபோகும். தண்ணீர் மட்டத்தைச் சொல்ல 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகம் தாராளம்.

கேள்வி: அம்பத்தூரில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய எட்டு ஆர்எஸ்-485 மாட்யூல்களை ஒரே லைனில் இணைத்தேன். இரண்டு இருந்தவரை ஓடியது, எட்டும் சேர்ந்ததும் ஊமையாகிவிட்டது.

பதில்: மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். உங்களுக்கு 15 காட்டும் என்று நினைக்கிறேன். மலிவு மாட்யூல்கள் பலவற்றில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தே விற்கிறார்கள். அது லைனின் இரு கோடிகளில் மட்டும் இருக்க வேண்டியது. நடுவிலுள்ள ஆறிலும் கழற்றிவிடுங்கள். லைனும் ஒரே நேர்கோட்டில் ஓடட்டும், மரக்கிளைபோல் பிரிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, தாம்பரத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று ஈஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டுகள், எது வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் பேச வேண்டும். வேகம் அதிகம் என்பதால் எஸ்பிஐ பஸ் போடச் சொல்கிறார் வழிகாட்டி.

பதில்: வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான தவறு, தம்பி. யார் முதலில் வாய் திறக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். எஸ்பிஐயில் மாஸ்டர் (தலைமைச் சிப்) கிளாக் துடிப்பு அடித்தால்தான் ஸ்லேவ் (அதற்குக் கட்டுப்பட்ட சிப்) பேச முடியும்; அடிக்கும் கணத்தில் பைட்டும் தயாராக இருக்க வேண்டும். டிஸ்பிளேவுக்கும் மெமரி கார்டுக்கும் அது அருமை. வேறு வேலையில் மூழ்கியிருக்கும் இன்னொரு கன்ட்ரோலருக்கு அது தலைவலி.

உங்களுக்குப் பொருந்துவது கேன் (CAN) பஸ். வாகனங்களுக்காக பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. இரண்டு போர்டுகள் ஒரே நேரத்தில் தொடங்கினால் அடையாள எண் சிறியது எதுவோ அது தொடர்ந்து பேசும். மற்றது விலகி நின்று பிறகு தானே முயலும். எந்தத் தகவலும் சிதைவதில்லை, பிழை சோதனையையும் வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஒரு தகவல் பொட்டலத்தில் 8 பைட் மட்டுமே என்பதுதான் குறை. ஈஎஸ்பி32க்குள் கேன் கன்ட்ரோலர் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கம்பியோடு இணைக்கும் டிரான்ஸ்சீவர் சிப் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஒரே பெட்டிக்குள் இரண்டு அட்மெகா328 கன்ட்ரோலர் சிப்கள், யூஆர்ட் (கிளாக் கம்பி இல்லாத தொடர்) இணைப்பு. மதியமானால் குப்பை எழுத்துகள் வருகின்றன. துல்லியமான கிளாக் தரும் கிரிஸ்டல் போடவில்லை.

பதில்: போடுங்கள். கிரிஸ்டல் இல்லாதபோது கிளாக் தரும் உள் ஆசிலேட்டர் 10 சதவீதம் வரை விலகலாம், சூட்டிலும் நகரும். யூஆர்ட் தாங்குவது ஒரு பக்கத்துக்கு 2 சதவீதம் அளவுதான். மே மாதத்துத் தகரப் பெட்டிக்குள் அது தடம் மாறாமல் இருந்தால்தான் வியப்பு.